அந்தமானுக்கு ஒரு கம்பி

கிளியனூர் சகாயசெல்வி திண்டிவனம் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். பகல் முழுக்க ஊராரின் சாவையும் பிறப்பையும் கட்டுக்கடகட என்று அனுப்புவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்வார். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருந்தார். அவருக்குப் பிடித்தது நூற்று அறுபது மீட்டர் அலை. அதில் பேச ஆள் குறைவு, இரைச்சல் அதிகம்.

போர்ட் பிளேயர் துறைமுகத்தில் வேலை செய்த தேவநாதன் என்பவருக்கும் அந்த அலைதான் பிடிக்கும். ஞாயிறுதோறும் மாலை ஆறரைக்கு முயற்சி செய்யலாம் என்று இருவரும் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். 1986 தை மாதம் தொடங்கினார்கள். சித்திரை வரை ஒருவர் அனுப்பியது ஒருவருக்கு எட்டவில்லை.

உயரத்தில் கட்டிய ஏரியல் ஊரிலுள்ள இரைச்சலையெல்லாம் சேர்த்து இழுக்கிறது என்று செல்விக்குப் புரிந்தது. கேட்பதற்கு மட்டும் ஆளுயரத்தில் ஒரு நீளக் கம்பியைக் கிழக்கு நோக்கி இழுத்தால், அது கிழக்கிலிருந்து வருவதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிழக்கே இருந்தது பச்சைமுத்து நிலக்கடலை போட்டிருந்த நிலம்.

"இதுல கரண்ட் வருமா?" என்று பச்சைமுத்து கேட்டார்.

"வராதுங்க."

"அப்ப எதுக்கு?"

"அந்தமான் கேக்கறதுக்கு."

பச்சைமுத்து சற்று யோசித்தார். "மல்லாட்டை புடுங்கறப்ப அவுத்துடணும்."

சவுக்குக் கழிகள் நட்டு அறுநூறு அடிக் கம்பி இழுத்தாயிற்று. மறுநாளே பச்சைமுத்துவின் மனைவி பாஞ்சாலி அதில் இரண்டு புடவைகளைக் காயப்போட்டார். கம்பி நன்றாகவே வேலை செய்தது. சனிக்கிழமை வரை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 'கொர்ர்' என்று ஓர் இரைச்சல் எழுந்து எல்லாவற்றையும் மூடியது. செல்வி சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். அதைத் திருப்பத் திருப்ப, அதன் முனை இரைச்சல் வரும் பக்கத்தைப் பார்க்கும்போது சத்தம் அடங்கும். அப்படி நடந்து பச்சைமுத்து வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சென்னை நிலையம் தெளிவாகத் தெரிய ஆன்டெனாவோடு மாட்டியிருந்த பூஸ்டர்தான் இரைந்தது.

"பாஞ்சாலி, பத்து நிமிஷம் பூஸ்டரை நிறுத்தினா போதும்."

"ஐயையோ, தந்தியம்மா! தாலி கட்டப் போறான்!"

தாலி கட்டினான். அடுத்த வாரம் வேறொருவன் கட்டினான். அதற்கடுத்த ஞாயிறு ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.

தெரு முழுக்க 'ச்சே' என்றது. செல்வியின் ரேடியோ லாரி பேட்டரியில் ஓடியது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் திடீரென்று எதுவுமே இல்லை. அந்த எதுவுமில்லாததற்குள்ளே, வெகு மெல்லிசாக, செல்வியை அழைக்கும் தேவநாதனின் தந்திக் குறி வந்தது. செல்வி உடனே பதில் தட்டினார்.

கரண்ட் வந்தபோது படம் முடிந்திருந்தது. பாஞ்சாலி நேராக வந்தார்.

"லைன்மேன்கிட்ட சொல்லி நீங்கதானே நிறுத்திக்கினீங்க?"

"சத்தியமா இல்ல பாஞ்சாலி."

"சரி, அந்த ஆளு இன்னாதான் சொன்னாரு?"

"நான் அனுப்பறது லேசா கேக்குதாம். ஆனா புரியுதாம்."

"இதுக்கா இத்தினி மாசம்?"

"ஆமா."

பாஞ்சாலி அவர் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கி வந்து அந்த பூஸ்டரைப் பாருங்க" என்றார்.

மறுநாள் செல்வி பூஸ்டரைக் கழற்றி உள்ளே நான்கு சின்ன கெப்பாசிட்டர்களை வைத்துப் பற்றவைத்தார். இரைச்சல் நின்றது. டிவியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த பட்டைக் கோடும் போய்விட்டது. அந்தச் செய்திதான் ஊரில் பரவியது. ஒரே மாதத்தில் எட்டு பூஸ்டர்கள் வந்தன. "இது என் வேலை இல்லைங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு, செல்வி திருப்புளியை எடுத்தார். அவருக்கு வேண்டியது நிசப்தம். கிளியனூருக்கு வேண்டியது படம்.