ஆடி பதினெட்டு, பகல் பன்னிரண்டுக்குள்: ஸ்ரீரங்கத்தில் வீடு தேடிய மூன்று நாட்கள்

இந்த வருடம் ஆடி பிறந்த நான்காம் நாள், எங்கள் சென்னை வீட்டின் உரிமையாளர் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு மாடியேறி வந்தார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆவணி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். மைசூர்பாகோடு சொன்னதால் கோபப்படவும் வழியில்லை. அது எங்களுக்கு ஒன்பதாவது வாடகை வீடு. அவர் படியிறங்கிய கையோடு என் கணவர் முரளியிடம் சொல்லிவிட்டேன்: பத்தாவது வாடகை வீட்டுக்கு நான் பால் காய்ச்ச மாட்டேன்.

ஆற்றங்கரையில் ஒரு சொந்த வீடு என்பது எங்களுடைய இருபது வருடப் பேச்சு. முரளிக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்குப் பள்ளி வேலை போன ஏப்ரலோடு முடிந்தது. மகள் வெளியூரில். இனி யாரைக் கேட்க வேண்டும்? ஊரும் எப்போதோ முடிவான ஊர்தான். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் ஸ்ரீரங்கம்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. ஆடி மாதத்தில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். தரகர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். போட்டி இருக்காது. நாங்களோ நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இல்லை. ஆடியிலேயே போய், ஆடியிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இதைச் சொன்னபோது முரளி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அடிக்கடி கிடைக்காதது, அதனால் நினைவிருக்கிறது.

ஆடி பதினாறு அன்று மதியம் எழும்பூரில் ரயில் ஏறினோம். சுமார் 320 கிலோமீட்டர், ஐந்தே கால் மணி நேரம், உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 155 ரூபாய். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். ஆனால் நாங்கள் திருச்சி வரை போக வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில்கூட அறை இல்லை. மறுநாளுக்கு மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. வீடு வாங்கத்தான் யாரும் வர மாட்டார்கள், ஆற்றைப் பார்க்க ஊரே வரும் என்பதை என் அபாரமான மூளை கணக்கில் எடுக்கவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 1,400 ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தது. சுத்தமான அறை, வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் தரகர் காதர் பாய் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பத்திர நகல்கள் அடங்கிய ஒரு துணிப்பை.

“முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆடியில வீடு பார்க்க வந்த மொத பார்ட்டி நீங்கதாம்மா” என்றார்.

“அதான் பாய், போட்டி இல்லாம வாங்கிடலாம்னு.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு மதியம்தான் புரிந்தது.

அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்தொடர்ந்தோம். (அரை நாளுக்கு 600 ரூபாய் பேசினோம், தாராளமாகப் பேரம் பேசலாம்.) காவிரிப் பாலத்தில் ஏறியதும் நான் ஆட்டோவிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டேன். கரைக்குக் கரை தண்ணீர்! காபியில் பாலைக் கொஞ்சம் குறைத்ததுபோல் ஒரு நிறத்தில், சுழித்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் போய்க்கொண்டிருந்தது. “தலையை உள்ள வைங்கம்மா, வீடு வாங்கணும்ல” என்றார் ஆட்டோக்காரர்.

முதல் வீடு திருவானைக்காவலில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் தளம். நல்ல வீடுதான், ஆனால் எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர் பிளாட்டின் சமையலறை. இரண்டாவது உத்திர வீதியில். கோபுரம் தெரிகிறது, மல்லிகைப் பூ வாசம் வருகிறது, எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. உள்ளே போகும் முன்பே காதர் பாய் நிறுத்தினார். “அம்மா, மொதல்லயே சொல்லிடறேன். இதுக்கு அடிமனை கோயிலுக்கு. கட்டடம் மட்டுந்தான் அவங்களுது. இந்தப் பக்கம் நிறைய வீடு அப்படித்தான். தெரிஞ்சு வாங்கினா சரி, தெரியாம வாங்கிட்டு என்னைத் திட்டக்கூடாது.” நேர்மையான மனிதர். தொழுது தழும்பேறிய நெற்றி பொய் சொல்லாது என்று முரளி என் காதில் சொன்னார். ஆசையை அடக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

மூன்றாவது, மேலூர் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் பிரியும் ஒரு சந்தில். கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். வீட்டுக்காரர் ஸ்டெல்லா டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். மூட்டுவலி. மேலப்புதூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் லிப்ட் உள்ள ஒரு பிளாட்டுக்குப் போகிறார். எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறி வந்தார்.

மாடியில் நான் என்ன செய்தேன் என்று முரளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால் நானே எழுதிவிடுகிறேன். குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், தெரியாதவர் வீட்டு மாடியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை குதித்தேன். கீழே ஒரு வரிசை வாழை, அதற்கடுத்து சின்னப் படித்துறை, அதற்கப்புறம் முழுக்க முழுக்கக் காவிரி. தூரத்தில் மலைக்கோட்டை.

டீச்சர் மூச்சு வாங்கிவிட்டுத் தன் போனை நீட்டினார். “இது மே மாசம் எடுத்தது. இதையும் பாருங்க.”

படத்தில் ஆறே இல்லை. வெறும் மணல். நான்கு ஆடுகள். ஸ்டம்பு நட்டு யாரோ கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

“இப்பவும் பிடிச்சிருந்தா வாங்குங்க. தண்ணியைப் பார்த்து வாங்கிட்டு, ஆறு எங்க டீச்சர்னு எனக்குப் போன் பண்ணக்கூடாது.”

நான் முரளியைப் பார்த்தேன். “மணலும் நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். இருபத்தாறு வருடத் திருமணத்தில் அவர் பேசிய மிகச் சிறந்த வாக்கியம் இதுதான்.

கீழே வந்ததும் கைப்பையிலிருந்து அட்வான்ஸ் கவரை எடுத்து நீட்டினேன். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஆடியில நான் வாங்க மாட்டேங்க.”

சுவரில் மாதா படம், அதன் கீழே மெழுகுவத்தி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. “டீச்சர், நீங்களுமா?”

“நாங்க வேதக்காரங்கதான். ஆனா இந்த மனைக்கு எங்கப்பா அட்வான்ஸ் குடுத்தது பதினெட்டாம் பெருக்கன்னைக்கு, உச்சிக்கு முன்னாடி. அன்னைக்குத் தொட்டது பெருகும்னு ஊர்ல சொல்றாங்க. ஆறு என்ன, ஆள் பார்த்தா பெருகுது? நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாங்க, வாங்கிக்கறேன். அதை விட்டா ஆவணி ஒண்ணாந்தேதிதான். அன்னைக்குத் திருவெறும்பூர்லேர்ந்து ஒருத்தர் வர்றார். பேக்டரியில ரிடையர் ஆனவர், முழுப் பணமும் கையில இருக்கு. அவருக்கும் இதையேதான் சொல்லியிருக்கேன், யாரு மொதல்ல நல்ல நாள்ல வர்றாங்களோ அவங்களுக்கு.”

காதர் பாய் காலையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். ஆடியை நம்பாமல் ஊரையே முந்திவிடலாம் என்று வந்தவளுக்கு, ஆடியிலேயே ஒரே ஒரு நாள், அதிலும் பாதி நாள்.

மதியத்தைப் பத்திரங்களுக்குக் கொடுத்தோம். வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே கிடைத்தது. முரளியோடு பள்ளியில் படித்த வக்கீல் ஒருவர் புத்தூரில் இருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஏழு மணி வரை வரி வரியாகப் படித்தார். மனை தனியார் பட்டா, டீச்சர் பெயரில். அப்பா மகளுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம் சரியாக இருக்கிறது. “தைரியமா வாங்கு. பாக்கியை மட்டும் ரிஜிஸ்டர் அன்னைக்குக் குடு” என்றார்.

ஆடி பதினெட்டு. காலை ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்தோம், 150 ரூபாய். என் கையில் வெற்றிலை பாக்கும் கவரும் வைத்த தட்டு, முரளி கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வழக்கமாக இருபது நிமிடம் என்றார்கள். அன்று பாலத்துக்கு முன்னால் வந்து சேரவே ஒரு மணி நேரம். அங்கே போலீஸ்காரர் கையைக் காட்டி எல்லா வண்டிகளையும் திருப்பிக்கொண்டிருந்தார். “இதுக்கு மேல நடைதாங்க” என்றார் ஆட்டோக்காரர். மணி பத்தரை. வீடு இரண்டரை கிலோமீட்டர்.

நடந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. கல்யாண மாலையை ஆற்றில் விட வந்த புது ஜோடிகள், முளைப்பாரி, காதோலை கருகமணி விற்கிறவர்கள், தூக்குவாளி தூக்குவாளியாகச் சித்திரான்னம். அம்மா மண்டபம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் முரளியைக் காணோம். பதைத்துப்போய்த் தேடினால், ஒரு குடும்பத்தின் நடுவே நின்று இலையில் தேங்காய் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

“என்னங்க, மணி பதினொண்ணு பத்து!”

“குடுத்தாங்க வசந்தி, வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கக்கா” என்றது அந்தக் குடும்பம். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சந்துக்குள் நுழையும்போது 11:35. டீச்சர் வீட்டில் பூட்டு.

போன் அடித்தால் லைன் போகவில்லை, கூட்டத்தில் யாருக்குமே போகவில்லை. மனம் மாறிவிட்டாரா? திருவெறும்பூர்க்காரர் முந்திவிட்டாரா? பத்தாவது வாடகை வீட்டின் பால் பொங்குவது கண்முன் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “டீச்சர் அப்பவே ஆத்துக்குப் போயிட்டாங்களே” என்றார்.

வாழைக்கு நடுவே ஓடினேன். தட்டிலிருந்த பாக்கு பாதி வழியிலேயே போயிற்று. படித்துறையின் மேல்படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, கணுக்கால் தண்ணீரில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா” என்றார். “வீட்டுக்குள்ள உட்கார்ந்து இதை வாங்க எனக்கு மனசு வரலைங்க. அதான் இங்க வந்து நின்னுட்டேன். நீங்க வராம போனா நல்லாருக்கும்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன்.”

எனக்கு அதுவரை இருந்த ஆனந்தமெல்லாம் கூசிப்போயிற்று. நான் எனக்கு ஒரு வீடு கிடைப்பதை மட்டுமே எண்ணிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். தட்டை நீட்டலாமா வேண்டாமா என்று நின்றேன். முரளிதான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். நானும் இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று காலை இழுத்தது.

“டீச்சர், வருஷா வருஷம் பெருக்குக்கு வந்துடுங்க. மாடி உங்களுது” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

“படியேற முடியாதேங்க.”

“கீழ்லேர்ந்து மாடி வரைக்கும் கைப்பிடி போடறேன்” என்றார் முரளி.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். மணி 11:48. அதற்கப்புறம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. படித்துறையில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் எனக்கும் டீச்சருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். அவர் மாதா சங்கிலியோடு அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் பதிவு முடிந்தது. இதை அந்த மேல் அறையிலிருந்துதான் எழுதுகிறேன்.

இங்கே வீடு தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடியில் பாருங்கள், தண்ணீர் இருக்கும். ஆனால் முடிவெடுக்கும் முன் மே மாதப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெள்ளம் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் மட்டும் கேட்காமல் அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஆசைப்பட்டால் முதல் கேள்வியே அடிமனை யாருடையது என்பதாக இருக்கட்டும். பெருக்கன்று பாலத்தை வண்டியில் கடக்கலாம் என்று கனவு காணாதீர்கள், காலை எட்டுக்குள் நடந்தே வந்துவிடுங்கள். விலையைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: டீச்சர் சொல்லக்கூடாது என்றிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கும் தாராளமாக வாருங்கள். சத்திரத்திலிருந்து பஸ்ஸில் அம்மா மண்டபத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். தை மாதத்துக் குளிரில் வாருங்கள், மணலாகக் கிடக்கும் மே மாதத்தில்கூட வாருங்கள். மாடிக்குக் கைப்பிடி போட்டாயிற்று, யாரும் ஏறலாம். ஆடி பதினெட்டு அன்று மட்டும் மாடி காலி இல்லை. அன்றைக்கு டீச்சர் வருகிறார்.