தெய்வத்திரு போடாத குருவி

தேனி பஜாரில் இருந்த ராஜமணி அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது 2003 வைகாசியோடு நின்றுபோனது. அதற்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன் பதினேழு வருடம், கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை பத்திரிகை அடிக்க அவரிடம்தான் வந்தார்கள். எழுத்தின் அழகுக்காக இல்லை, உறவுப் பக்கத்துக்காக. யார் பெயர் முதலில், பங்காளிகள் எந்தப் பத்தி, தாய்மாமன்கள் எந்தப் பத்தி, சம்பந்தி வீட்டார் எங்கே என்பதில் ராஜமணி கெட்டி. ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் பந்தியில் பத்து இலை குறையும் என்பது அவருக்குத் தெரியும். உயிரோடு இருப்பவருக்குத் 'திரு'. காலமானவருக்குத் 'தெய்வத்திரு'. யாருக்கு எது என்று அவர் வீட்டாரைக் கேட்பதே இல்லை. ஊரில் பாதிக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளும் அவரிடமே அடிக்கப்பட்டதால், இறந்தவர் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் போட்டுவிடுவார்.

அந்த நோட்டுதான் காலை வாரியது. வீரபாண்டியில் ஒரு குடும்பம். குலசாமி பெயரை மூத்த பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அதனால் பெரியப்பா, சித்தப்பா மக்களில் மூன்று ஒச்சாண்டிகள். தை மாதம் இறந்தது ஆண்டிபட்டி ஒச்சாண்டி. வைகாசிக் கல்யாணத்தில் 'தெய்வத்திரு' ஆனது வீரபாண்டி ஒச்சாண்டி. மணப்பெண்ணின் தாய்மாமன். சீர் செய்ய வேண்டிய ஆள்.

அறுநூறு பத்திரிகை ஊர் ஊராகப் போன பிறகு அவரே அச்சகத்துக்கு நேரில் வந்தார்.

"ஏலே ராஜமணி, எனக்குக் காரியம் என்னைக்குன்னு போடாம விட்டுட்டியே? பத்திரிகையப் பாத்துட்டு எம் பொண்டாட்டி எலவு வீட்டுக்குச் சமையக்காரன் சொல்லவாங்குறா."

"அண்ணே, தெரியாம..."

"தெரியாம என்னடா? சாயங்காலம் கடையில டீ கேட்டா, செத்தவனுக்கு டீ கெடையாதுங்குறாய்ங்க."

சிரித்துக்கொண்டேதான் போனார். சொந்தக்காரர்கள் சிரிக்கவில்லை. ஆளை உயிரோடு கொன்ற அச்சகம் என்று பெயர் வந்துவிட்டது. பிறகு ஒன்றரை வருடம் பில் புத்தகம், தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ், 'காணவில்லை' துண்டறிக்கை. சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று ஒச்சாண்டிகளைப் பிரித்து நிறுத்துகிற வேலைக்கு ஈடாகப் பில் புத்தகத்தில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை யாராவது நம்பிக் கொடுத்தால் போதும் என்று காத்திருந்தார். அந்த நாட்களில் ஒரு புது வழக்கம் மட்டும் வந்தது. எந்த வேலையானாலும் சரிபார்க்கும் பிரதியில் வீட்டு ஆள் கையெழுத்துப் போடாமல் இயந்திரம் ஓடாது. 2009-ல் இறக்கும்வரை இதை அவர் விடவில்லை.

2004 அக்டோபரில் தேவயானி வந்தார். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் தற்காலிக ஆசிரியை. மற்ற அச்சகங்கள் தீபாவளி நோட்டீஸில் மூழ்கிக் கிடந்ததால் இங்கே வந்திருந்தார்.

"என்ன விசேசம் தாயி? காதுகுத்தா, சடங்கா?"

"குருவிண்ணே."

டிசம்பர் பத்தாம் தேதி கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. ஊரே வரும். அதற்கு ஒரு பெரிய வண்ணப் படம் வேண்டும். பிறகு மாவட்டப் பள்ளிகளுக்கும் கொடுக்க முந்நூறு பிரதி. பொருள், ஹவாய்த் தீவுகளின் ஃபிஞ்ச் குருவிகள். படத்துக்கு எடுத்தது முப்பத்தாறு வகை. எல்லாம் ஒரே மூதாதையின் வம்சம். பல லட்சம் வருடங்களுக்கு முன் கடல் தாண்டி வந்து இறங்கிய ஒரு சின்னக் கூட்டம், தீவுக்குத் தீவு, தின்ற தீனிக்குத் தக்கபடி மாறிப்போனது. ஒன்றுக்குக் கொட்டை உடைக்கும் தடித்த அலகு. ஒன்றுக்குப் பூவில் தேன் குடிக்கும் வளைந்த அலகு. பாதிக்கு மேல் இன்று இல்லை.

"எதனால?"

"காட்ட அழிச்சாங்க, எலி வந்துச்சு. அப்புறம் கொசு. கப்பல்ல வந்த கொசு, மலேரியா."

"குருவிக்கு மலேரியாவா!" என்றார் ராஜமணி. "எங்க தெருவுக்கு மருந்தடிக்கிறவன் மூணு மாசமா வரல. நாங்க இருக்கமே."

தேவயானி எழுதிவந்த பட்டியலைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. ஒரே வம்சம், முப்பத்தாறு பேர், சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து உறவுப் பக்கம் அவர் கைக்கு வந்திருக்கிறது.

நான்கு நாளில் மாதிரி தயாரானது. தேவயானி பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். உச்சியில், குலதெய்வம் துணை என்று போடும் இடத்தில், எலும்பாக மட்டும் கிடைத்த பறவைகள், 'முன்னோர்' என்ற தலைப்பில். கீழே மூன்று பத்தி. 'திரு. பலீலா'. 'திரு. இஇவி'. 'தெய்வத்திரு. மாமோ'. 'தெய்வத்திரு. பெரிய கோவா ஃபிஞ்ச்'. அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும் உற்றார் உறவினர்'.

"அண்ணே, கடைசி வரி வேணாம்."

"சரி, எடுத்துருவம். திருவும் தெய்வத்திருவும்?"

தேவயானி மறுபடி பார்த்தார். எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று விளக்க அவர் நான்கு நிறங்களும் ஒரு குறிப்புப் பெட்டியும் திட்டமிட்டிருந்தார். இங்கே எதுவும் தேவைப்படவில்லை. தேனியில் எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு நொடியில் புரியும்.

"அது இருக்கட்டும். ஆனா மூணு பத்தி எப்படிப் பிரிச்சீங்க?"

"மூக்க வச்சுத்தான். தடிமூக்கு ஒரு வீடு, வளஞ்ச மூக்கு ஒரு வீடு, குட்ட மூக்கு ஒரு வீடு."

"மூக்க வச்சு ஒறவு சொல்ல முடியாதுண்ணே. ஒரே தீனி தின்னா வேற வேற வீட்டுக்காரங்களுக்கும் மூக்கு ஒண்ணுபோல ஆயிரும். இப்பல்லாம் ரத்தத்தையும் எலும்பையும் பரிசோதிச்சுத்தான் யார் யாருக்குச் சொந்தம்னு சொல்றாங்க."

அட்டைகளை மடித்துக்கொண்டிருந்த ராஜமணியின் மனைவி பவுனு தலையைத் தூக்கினார். "அப்படிச் சொல்லுங்க டீச்சர். எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் வாயி ஒரே நீளம். எல்லாம் பங்காளிகளா என்ன?"

ராஜமணி பத்திகளைக் கலைத்தார். தேவயானி சொல்லச் சொல்ல மறுபடி அடுக்கினார். ஒரு குருவி மட்டும் எங்கும் உட்காரவில்லை. பெயர் போஒஉலி. பழுப்பு உடம்பு, முகமூடி போட்டதுபோல் கறுத்த முகம், நத்தை தின்னும். மாவி என்ற தீவின் மழைக்காட்டில் 1973-ல்தான் கண்டுபிடித்தார்கள். இது இந்தக் குடும்பமே இல்லை என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பிறகு பரிசோதனை செய்து, குடும்பம்தான், ரொம்ப முன்பே பிரிந்துபோன கிளை என்று முடிவானது.

"பாகப்பிரிவினை முடிஞ்சு தள்ளிப்போன பங்காளி," என்றார் ராஜமணி. "தனி வரியில போட்டாப் பேச்சு வராது. ஆளு இருக்காகளா?"

"உலகத்துலயே மூணு இருக்குன்னாங்க. அதுல ஒண்ண இப்ப செப்டம்பர்ல புடிச்சுக் கூண்டுல வச்சுக் காப்பாத்துறாங்க."

'திரு. போஒஉலி' தனி வரியில் ஏறியது. தேவயானி கையெழுத்துப் போட்டார். நாலு வண்ண அச்சு தேனியில் இல்லாததால் சிவகாசிக்குப் போய், நவம்பர் இருபதாம் தேதி முந்நூறு படமும் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. அடியில் சின்ன எழுத்தில் 'ராஜமணி அச்சகம், தேனி'. கண்காட்சிக்கு வருகிற ஊர் இதைப் பார்க்கும். பார்த்த பிறகாவது யாராவது வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

டிசம்பர் மூன்றாம் தேதி தேவயானி பிரவுசிங் சென்டரிலிருந்து நேராக ஓடிவந்தார். கூண்டிலிருந்த போஒஉலி போன வாரம் இறந்துவிட்டது.

ராஜமணி இயந்திரத்தை நிறுத்தினார். பவுனு கட்டுகளைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "உசுரோட இருந்த மனுசனுக்குத் தெய்வத்திரு போட்டீக. இப்பச் செத்ததுக்குத் திரு போட்டுருக்கீக. கணக்கு நேராயிருச்சு."

"சும்மா இரு பவுனு."

"அண்ணே, ஒரு ஸ்டிக்கர் அடிங்க," என்றார் தேவயானி. "தெய்வத்திருன்னு ஒட்டிருவோம். மதுரையிலருந்து பேராசிரியர் வந்து பாக்கப்போறாரு. தப்பிருந்தா அடுத்த வருசம் எனக்குக் காலேஜுல வேலை இருக்காது."

பத்திரிகை அடித்த பிறகு வீட்டில் யாராவது தவறிப்போனால் இப்படி ஒட்டுவது உண்டுதான். ராஜமணி மேசையில் தாளை வைத்தார். பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"மூணு இருக்குன்னீங்களே தாயி. போனது எத்தன?"

"ஒண்ணு."

"மிச்சம் ரெண்டு?"

"தேடிட்டே இருக்காங்க. பல மாசமாக் கண்ணுல படல."

"பொணத்தப் பாத்தாகளா?"

"இல்ல."

"இல்லாமப் போச்சுன்னு அந்த ஊர்க்காரவுக எழுதிட்டாகளா?"

தேவயானி யோசித்தார். "இல்லண்ணே. கடைசி ஒண்ணா இருக்கலாம்னுதான் எழுதியிருக்காங்க."

"அப்ப எங் கை அதை எழுதாது. ஒரு தடவ எழுதிப் பட்டது போதும்."

"திருன்னு விடவும் முடியாதேண்ணே. இருக்குன்னு எனக்கும் சொல்லத் தெரியாதே."

ராஜமணி மேசை இழுப்பறையைத் திறந்தார். போன மாதம் அடித்த துண்டறிக்கை ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார். "இதுக்கு எங்க தொழில்ல ஒரு எடம் இருக்கு. கடைசியாப் பாத்த எடம், அடையாளம், உடுப்பு. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் ஸ்டிக்கர் தயார். 'காணவில்லை. பெயர்: போஒஉலி. நிறம்: பழுப்பு. அடையாளம்: முகம் கறுப்பு. உணவு: நத்தை. கடைசியாகப் பார்த்த இடம்: மாவித் தீவு, மலை உச்சி மழைக்காடு. கண்டவர்கள் தகவல் தெரிவிக்கவும்.' கீழே கல்லூரித் தொலைபேசி எண்.

"தேனியில யாருண்ணே இதக் கண்டு போன் பண்ணப்போறா?"

"எண்ணு இல்லாத காணவில்லைய நான் அடிச்சதே இல்ல."

தேவயானி கையெழுத்துப் போட்டார். பவுனு பசை காய்ச்சினார். மூன்று பேரும் உட்கார்ந்து முந்நூறு ஒட்டினார்கள்.

கண்காட்சியன்று அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். வீரபாண்டி ஒச்சாண்டி பேரப்பிள்ளைகளோடு வந்து ஒவ்வொரு தெய்வத்திருவாகச் சத்தமாகப் படித்தார். "இதுல எத்தன பேரு நெசமாச் செத்தாக, எத்தன பேர நீ கொன்ன ராஜமணி?" என்று கேட்டு மண்டபத்தையே சிரிக்கவைத்தார். மதுரைப் பேராசிரியர் ஸ்டிக்கரின் முன் வெகுநேரம் நின்றார். தேவயானி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் 'காணவில்லை' யாரோட யோசனை?" என்றார் பேராசிரியர்.

"அச்சகத்துக்காரரோடது சார்."

"சரியாத்தான் இருக்கு. இன்னைக்கு நெலமையில இதுக்கு மேல சொல்ல யாராலயும் முடியாது." தனக்கு இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. ராஜமணி பில் புத்தகத்துக்கு எண் குத்திக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் கம்பத்திலிருந்து சுருளியம்மாள் என்ற பெண் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை. கண்காட்சிக்கு மகளோடு வந்தவர். மகள் நதியாவுக்குத் தையில் கல்யாணம்.

"அண்ணே, அந்தக் குருவிக்குப் போட்டீகளே. எம் வீட்டுக்காரருக்கும் ஒங்க கையால போடணும்."

கணவர் காமராஜ் பதினோரு வருடத்துக்கு முன் எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் மலை ஏறியவர். திரும்பவில்லை. தகவலும் இல்லை. இரண்டு அச்சகத்தில் கேட்டாயிற்று, என்ன போடுவது என்று யாரும் வழி சொல்லவில்லை. கொழுந்தன் செல்வமணி தெய்வத்திருதான் போட வேண்டும் என்று நிற்கிறார். சுருளியம்மாள் நெற்றியில் பொட்டு இருந்தது.

"கல்யாணப் பத்திரிகையில காணவில்லைன்னு போட முடியாதே ஆத்தா," என்றார் ராஜமணி.

"அது தெரியுது. என்ன போடலாம்னு நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லக்கூடாது. ஒங்க கொழுந்தன வரச்சொல்லுங்க."

மறுநாள் செல்வமணி விறைப்பாக வந்தார். ராஜமணி இரண்டு பிரதி அடித்து வைத்திருந்தார். ஒன்றில் திரு. காமராஜ். ஒன்றில் தெய்வத்திரு. காமராஜ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினார்.

"பங்காளி கையெழுத்து இல்லாம எங்கிட்ட மெஷின் ஓடாது. எது நெசமோ அதுல போடுங்க. கீழ தேதியும் போடுங்க."

செல்வமணி இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனா முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அண்ணன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்பிடிய்யா போடுவேன்," என்றார். "நான் கண்டனா?"

தாளைத் தள்ளிவிட்டு முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். சுருளியம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பவுனு அவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்ட செல்வமணி தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி உறவுப் பக்கத்துக்குப் போனார்.

"இந்தாங்கய்யா, எம் பேரு ஏன் மூணாவது வரியில இருக்கு? கூடப்பொறந்த சித்தப்பன் நானு. பெரியகுளத்துப் பங்காளி எனக்கு மேலயா?"

"அவுக மூத்த வழி, தம்பி."

"மூத்த வழியா? மதினி, நீங்க சொல்லுங்க. யாரு மூத்த வழி?"

"வயசுல அவுக மூப்பு, வழியில நீங்க மூப்பு," என்றார் சுருளியம்மாள்.

"கேட்டுக்கிட்டீகளா?"

ராஜமணி நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "பவுனு, மூணு டீ சொல்லு," என்றார். "நேரமாகும். தம்பி, ஒங்க தாத்தாவுலருந்து ஆரம்பிங்க. கூடப்பொறந்தவுக எத்தன பேரு?"