இருபத்து மூன்றாம் கேள்வி

சிங்கப்பூரில் ஜூரோங்கில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளிகள் வேறு நாட்டுக்குப் போனபோது சந்திரமதிக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷம் அங்கே குனிந்து உட்கார்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். தமிழும் மலாயும் சரளமாகப் பேசுவாள், ஆங்கிலமும் சமாளிப்பாள் என்பதால் கருத்தாய்வு நடத்தும் ஒரு நிறுவனம் அவளைப் பகுதிநேரமாகச் சேர்த்துக்கொண்டது. வீடு வீடாகப் போக வேண்டும். டேப்லெட்டில் வரும் கேள்வியை அப்படியே படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்லும் பதிலைத் தொட வேண்டும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று பயிற்சியில் பத்துத் தடவை சொல்லியனுப்பினார்கள்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதுதான் ஆய்வு. புக்கிட் மேராவிலும் குவீன்ஸ்டவுனிலும் அரசாங்க வாடகை வீடுகள் இருக்கும் அடுக்குமாடி புளோக்குகள் அவளுக்கு ஒதுக்கப்பட்டன. அவளுக்கு அவை புதிய இடங்கள் இல்லை. அப்படி ஒரு வீட்டில்தான் மகன் திலீப்பைத் தனியாக வளர்த்தாள். வேலை தேடி எல்லை தாண்டி ஜொகூருக்குப் போன புருஷன் திரும்பி வரவேயில்லை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட். அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பையன் பள்ளிக்குப் போயிருப்பான், இல்லை தூங்கியிருப்பான்.

பத்து வயதில் பள்ளியில் பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். திலீப் கடைசிப் பிரிவில் விழுந்தான். அன்றைக்கு ரோத்தான் பிரம்பை எடுத்து அவன் கால் தடிக்கும்வரை அடித்தாள். மற்றவன் பிள்ளைக்கு ஏறுவது உன் மண்டையில் மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவனுக்குப் பதினாறு வயது ஆனபோது, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார்கள். "இவனைச் சுமந்ததுக்குக் கல்லைச் சுமந்திருக்கலாம்" என்றாள். திலீப் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்திலேயே நின்றான். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனவன் முடித்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை, நண்பன் ஒருவனோடு தங்கிக்கொண்டான். பண்டிகைக்கு ஃபோன் செய்வான். கல்யாணத்துக்கு அழைத்தான். அவ்வளவுதான்.

இந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் வீட்டு அசிங்கம் தன்னோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஆய்வில் இருபத்து மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. பிள்ளை பின்தங்கியதற்கு முக்கியக் காரணம் எது? பிள்ளையின் ஆர்வமின்மை, பெற்றோரின் கவனக்குறைவு, கெட்ட சகவாசம், தெரியாது. நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நூற்றைம்பது வீடுகளில் சந்திரமதி அதைப் படித்துவிட்டு, சொன்ன பதிலைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் புக்கிட் மேராவில் சரசு என்ற பெண் கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பதில் சொன்னாள். இருபத்து மூன்றாவது கேள்வி வந்ததும் அவள் யோசிக்கவேயில்லை.

"என் தப்புதான்க்கா. அதையே போடுங்க. நான் சரியா பாத்துக்கல."

சந்திரமதியின் விரல் டேப்லெட்டின் மேல் நின்றுவிட்டது. பட்டியலில் இல்லாத ஒன்றை அவள் வாய் கேட்டது.

"பிள்ளைக்குப் பத்து வயசா இருக்கப்ப உங்களுக்கு என்ன ஷிஃப்ட்?"

சரசுவுக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்றாள்.

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அதைக் கேட்டாள். அப்போது என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள், பிள்ளை யாரோடு இருந்தது, டியூஷனுக்கு அனுப்ப முடிந்ததா? பதில்களை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். மலாய்க்காரர் வீடு, தமிழர் வீடு, சீனர் வீடு, நாற்பத்தொரு வீடு. ஆளும் பாஷையும் மாறின, விஷயம் மாறவில்லை. ஒவ்வொருத்தியும் அது தன் ஒருத்தி வீட்டில் மட்டும் நடந்தது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். குவீன்ஸ்டவுனில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டிய மத்தியானம், சந்திரமதிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாகத் தான் சுமந்த வெட்கம் தன்னுடையது மட்டுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ரோத்தான் அடி மட்டும் தன்னுடையதாகவே மிஞ்சியது.

நிறுவனத்தில் பதில்களை அலசும் வேலை பார்த்தவள் வைதேகி. திருச்சியிலிருந்து வந்து இங்கே சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். சந்திரமதி அவளைத் தேக்காவில் ஒரு காப்பிக்கடைக்கு வரச்சொல்லி நோட்டை முன்னால் வைத்தாள். வைதேகி வெகுநேரம் படித்தாள். அவள் தேநீர் ஆறிப்போயிற்று.

"ஆன்ட்டி, ஒரு வீட்ல நடந்தா அது அந்த வீட்டுக் கதை. நாப்பது வீட்ல ஒரே மாதிரி நடந்தா, காரணம் வீட்டுக்கு வெளிய இருக்குன்னு அர்த்தம். நான் படிச்சதே இதைத்தான்."

"அப்ப அந்த நாலு பதில்ல ஏன் இது இல்ல?"

வைதேகி நோட்டை மூடினாள். பட்டியல் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து வந்தது என்றும், ஒரு கூட்டத்தில் தான் அதைக் கேட்டபோது யாரும் காதில் வாங்கவில்லை என்றும் பிறகு சொன்னாள். அதற்குமேல் வாதாடினால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். இருந்தாலும் நோட்டை மேலே காட்டிப்பார்ப்பதாக வாங்கிப் போனாள்.

காட்டினாள். அடுத்த வாரமே சந்திரமதிக்குக் கடிதம் வந்தது. விதியை மீறித் தன் இஷ்டத்துக்குக் கேள்வி கேட்டதால் அந்த நாற்பத்தொரு நேர்காணல்களும் நீக்கப்படுகின்றன, இனி அவள் சேவை தேவையில்லை. வைதேகி ஃபோனில் மன்னிப்புக் கேட்டாள். தன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவளாகச் சொல்லவில்லை. சந்திரமதியும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஆய்வு முடிவு வெளியானது. பத்தில் ஏழு பெற்றோர் தங்கள் கவனக்குறைவே காரணம் என்று தாங்களாகவே ஒப்புக்கொள்கிறார்களாம். ஆகவே பெற்றோருக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டுமாம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. விதியை மீறாமல் அவள் முடித்த நூற்றைம்பது வீடுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு பதிலையும் தொட்டது அவள் விரல்தான். சனிக்கிழமை காலையில் சரசு ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே மகன் வீட்டுக்குப் போனாள். ஜூரோங்கில்தான் இருந்தான். குளிர்பதன லாரி ஓட்டுகிறான். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். பேத்தி சிவானி மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சந்திரமதி நாற்பத்தொரு வீட்டுக் கதையையும் சொன்னாள். தட்டுத்தடுமாறி, தப்பு உன்மேல் இல்லை, இருந்ததே இல்லை என்றாள். அடித்ததற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

திலீப் குறுக்கே பேசாமல் கேட்டான். சின்ன வயதில் அவளை நீ என்றுதான் கூப்பிடுவான், இப்போது நீங்கள் என்றான்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. கடைசி கிளாஸ்ல நாங்க இருபத்தெட்டுப் பேரு. பாதிப் பேரு நம்ம புளோக், மீதி எதிர் புளோக். எல்லார் வீட்லயும் அம்மா ஷிஃப்ட்ல. பத்து வயசுப் பிள்ளைக்கே அது தெரிஞ்சுது. உங்களுக்கு மட்டும் நான் ஒருத்தன்தான் முட்டாளா தெரிஞ்சேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லாரி எந்த வழியாகப் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

சிவானி ஒரு கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டது. அதுவும் தப்பு. திலீப் எட்டிப் பார்த்தான். மூன்று டியூஷன் வைத்தும் இதுகூட வரவில்லையா, இப்படியே போனால் அப்பா மாதிரி லாரிதான் ஓட்டப்போகிறாய் என்றான். குழந்தையின் தோள் சுருங்கியது. சந்திரமதி வாயைத் திறந்தாள். திலீப் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டுப் போகச் சொன்னான். சாப்பிட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.