சன்னதித் தெருவில் நின்ற லோடர்

வாசுதேவுக்கு வேலை போன விஷயம் அவன் அப்பாவுக்குத் தெரியாது. மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பிரிவில் இருந்தான். 2006-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி கோதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அப்பாவிடம், "ஒரகடம் பக்கம் வேற கம்பெனிக்கு மாறிட்டேம்பா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பிப் போனான்.

அப்பா ஆராவமுதனைச் சின்னக் காஞ்சிபுரத்தில் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பெருமாள் புறப்பாட்டில் பாசுரம் சேவித்துக்கொண்டு முன்னால் போகும் கோஷ்டியில் அவர் குரல் தனியாகக் கேட்கும். மகன் இன்ன வேலைதான் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. வாசுதேவ் தானாகவே சிலவற்றை முடிவு செய்துவைத்திருந்தான். வாத்தியார் பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறான் என்றாலே கேவலம். தெருத்தெருவாகக் குப்பையும் செங்கல்லும் அள்ளுகிறான் என்று தெரிந்தால் அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா என்று நினைத்தான்.

ஆனால் அந்த வேலைதான் அவன் கண்ணில் பட்டது. அப்போது ஊரில் பழைய வீடுகளை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஜேசிபி நுழைய முடியாத சந்துகள் எத்தனையோ இருந்தன. அங்கெல்லாம் போகக்கூடியது குட்டி லோடர்தான். ஒரு காரைவிடச் சின்ன வண்டி. முன்னால் மண் அள்ளும் பக்கெட். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு லிவர். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் முன்னேயும் மறுபக்கத்துச் சக்கரங்கள் பின்னேயும் சுற்றினால் நின்ற இடத்திலேயே பம்பரம்போலத் திரும்பும். புதிது வாங்க வசதியில்லை. பழையதைத் தேடினான். வாலாஜாபாத்தில் பழைய வண்டிகள் விற்கும் பஞ்சாட்சரம் என்பவரின் யார்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது.

பழைய லோடரில் எதைப் பார்க்க வேண்டும் என்பது வாசுதேவுக்கு அத்துப்படி. அதுதானே அவன் தொழில்! கிளம்புகிற அன்று காலை கோதாவிடம்கூட உற்சாகமாகச் சொன்னான்.

"இன்ஜினை ஆறின நிலையில ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சூடா இருந்தா எந்தக் கழுதையும் ஸ்டார்ட் ஆகும். பக்கெட்டைத் தூக்கி நிறுத்திட்டு அது தானா இறங்கறதான்னு பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, அடியில தகடு ஒண்ணு இருக்கும். அதைக் கழட்டிப் பாத்துடணும். மேல எவ்வளவு பெயிண்ட் அடிச்சாலும் அடிவயிறு பொய் சொல்லாது."

"ஏன்னா, அப்போ பழைய சட்டை எடுத்து வைக்கட்டுமா?" என்று கோதா கேட்டாள்.

"வேண்டாம். அப்பா பாத்தா கேப்பர்" என்று சொல்லி, தேய்த்த வெள்ளைச் சட்டையிலேயே கிளம்பினான்.

யார்டில் லோடர் பளபளவென்று மஞ்சள் பெயிண்டில் நின்றது. இன்ஜின் மூடியில் கை வைத்தான். சூடாக இருந்தது.

"இப்பதான் பையன் ஓட்டிக்கினு வந்து நிறுத்தினான் சார்" என்றார் பஞ்சாட்சரம். "வண்டி கல்லு மாதிரி இருக்குது. நீங்களே பாருங்க."

பெயிண்ட் புதிது என்பதும், வேண்டுமென்றே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும் வாசுதேவுக்குப் புரிந்தது. பரவாயில்லை, அடியில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு ஸ்பானர் கேட்டு வாங்கினான். தரையெல்லாம் கறுப்பு எண்ணெயும் சேறுமாக இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனியப் போன நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நீங்க ஆராவமுதன் சார் பையன்தானே?"

மல்லிநாதன். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பவர். அப்பாவிடம் சம்ஸ்கிருதம் படித்த ஜைன நயினார் வீட்டுப் பையன்களில் ஒருவர்; இன்றைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாத்தியாரை வணங்கிவிட்டுப் போகிறவர். மில்லில் உமி தள்ள ஏதாவது வண்டி கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தார்.

"இங்க என்ன சார் வேலை?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

வாசுதேவ் ஸ்பானரைச் சட்டென்று டயரின் மேல் வைத்தான். "ஒரு ஃப்ரெண்டுக்காக... சும்மா பாக்க வந்தேன்" என்றான். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகு, ஃப்ரெண்டின் வண்டிக்காகச் சேற்றில் படுப்பது எப்படி? மல்லிநாதன் நகருவதாக இல்லை. அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பழைய வகுப்புக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார். பஞ்சாட்சரத்தின் ஆள் லோடரை நாலடி முன்னே ஓட்டி, நாலடி பின்னே ஓட்டிக் காட்டினான். பின்னால் வரும்போது அது லேசாக இடது பக்கம் இழுத்தது. வாசுதேவ் அதைப் பார்த்தான். தரை மேடு பள்ளமாக இருக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மல்லிநாதன் போன பிறகாவது குனிந்திருக்கலாம். அதற்குள் எப்படியாவது அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்ற படபடப்பு வந்துவிட்டது. அன்றைக்கே விலை பேசி லோடரை வாங்கிவிட்டான்.

லோடரைச் செவிலிமேட்டில் ஒரு காலி மனையில் நிறுத்தினான். ஓட்டுவதற்கு ஐயம்பேட்டையிலிருந்து காசிநாதன் என்ற ஆளை வைத்துக்கொண்டான். டிராக்டர் ஓட்டிப் பழகியவன். லிவர் வண்டியை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். ஓட்ட மட்டும்தான் வாசுதேவ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். வேலை நடக்கும் தெருவுக்கு வாசுதேவ் வரவே மாட்டான். மனையிலிருந்து போனில் பேசுவதோடு சரி. யாராவது வண்டி யாருடையது என்று கேட்டால், "ஓனர் வெளியூருன்னு சொல்லிடுப்பா" என்று சொல்லி வைத்திருந்தான்.

"இடது பக்கம் வர வர மந்தமாவுது சார்" என்று காசிநாதன் இரண்டு மூன்று தடவை சொன்னான்.

"உற்சவம் முடியட்டும், பாத்துடலாம்" என்று வாசுதேவ் தள்ளிப்போட்டான்.

உற்சவத்துக்கு முன்னால் சன்னதித் தெருவில் கால்வாய் தோண்டியிருந்தார்கள். காண்டிராக்டர் தனசேகரன் குழியை மூடிவிட்டார். மீதி மண் தெருவோரம் குவிந்து கிடந்தது. சாயங்காலப் புறப்பாட்டுக்குள் அதை அள்ளிவிட வேண்டும் என்று காசிநாதனிடம் சொல்லி லோடரை வரவழைத்திருந்தார். காசிநாதன் மதியத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசிக் குவியலை அள்ளித் திரும்பும்போது, தெருவுக்குக் குறுக்கே, லோடர் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை.

கோவில் பக்கம் நாகஸ்வரம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெருமாள் வாசலைத் தாண்டியாகிவிட்டது.

வாசுதேவ் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். பஞ்சகச்சம் உடுத்தி, திருமண் இட்டுக்கொண்டு, அப்பாவோடு கோஷ்டிக்கு வந்திருந்தான். தூரத்தில் மஞ்சள் நிறம் தெரிந்ததுமே அது தன் வண்டிதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தெருக்காரர்கள் கூடி லோடரைத் தள்ளினார்கள். அது அசையவில்லை. எப்படி அசையும்? இன்ஜின் நின்றால் அந்த வண்டியின் சக்கரங்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கேபினைத் தூக்கி, உள்ளே இருக்கும் பிரேக்கைக் கையால் விடுவித்தால்தான் மெல்ல இழுத்து ஓரம்கட்ட முடியும். காசிநாதனுக்கு அது தெரியாது. வாசுதேவ் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் போதும்.

அவன் நடக்கவில்லை.

"யார் வண்டிடா இது? எவன்டா ஓனர்?" என்று யாரோ கத்தினார்கள்.

காசிநாதன் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். அவன் கண் வாசுதேவ் மேல் வந்து நின்றது. வாசுதேவ் கோஷ்டியின் நடுவில், கை கூப்பிய நிலையில் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கண் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ஓனர் வெளியூருங்க" என்றான் காசிநாதன்.

"சாமி வர நேரத்துல குறுக்க நிறுத்திட்டு ஊர்க்கதை சொல்றியா?" என்று ஒருவன் அவன் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். காசிநாதன் லோடரின் மேல் சரிந்தான். அப்போதும் அவன் வாசுதேவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பாசுரம் பாதியில் நின்றது. நிறுத்தியவர் ஆராவமுதன். கோஷ்டியை விட்டு விலகி நேராகப் போய், அறைந்தவனுக்கும் காசிநாதனுக்கும் நடுவில் நின்றார்.

"அவனை ஏன் அடிக்கறேள்? வண்டி நின்னா அவன் என்ன பண்ணுவான்? வேணும்னேவா நிறுத்தினான்?" என்றார். அந்தத் தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கூட்டம் அடங்கியது. தனசேகரன் ஒரு லாரியைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு லோடரை இழுத்தார். பூட்டிய சக்கரங்கள் சுழலாமல், வீட்டு வாசல்களில் போட்டிருந்த பெரிய கோலங்களையெல்லாம் கிழித்துக்கொண்டு போயின. அதுவரை பெருமாளைச் சுமந்தவர்கள் தோளில் பாரத்தோடு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அதே பேச்சாக இருந்தார்.

"அந்தப் பையன் காது சிவந்து போச்சு, பாத்தியோ வாசு? ஓனர்னு எவனோ ஒருத்தன், அவனை மாட்டிவிட்டுட்டு எங்கேயோ ஒளிஞ்சுண்டிருக்கான். அவனையும் ஒரு அப்பா வளத்திருப்பர் பாரு, பாவம்."

கோதா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். வாசுதேவ் பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தான்.

"அப்பா, அது என் வண்டி" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி மூடியது, ஒரகடம் பொய், வாலாஜாபாத் யார்டு, மல்லிநாதன். அப்பா குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பையன் பேர் என்ன?" என்றார்.

"காசிநாதன்."

"அவன்கிட்டப் போய்ச் சொன்னியா?"

"இல்லப்பா."

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் வாசுதேவ் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனான். காசிநாதனின் அம்மா அங்கம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று தெரிந்ததும், உட்காரச் சொல்லாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். காசிநாதன் வெளியே வந்தான். காது வீங்கியிருந்தது.

"நான் பண்ணினது தப்பு காசி" என்றான் வாசுதேவ். ஆட்டோவில் வரும்போது நினைத்துவைத்த வார்த்தைகளில் அது ஒன்றுதான் மிஞ்சியது.

"அடிச்சதுகூடப் பெருசில்ல சார்" என்றான் காசிநாதன். "உங்களப் பாத்தேன். இதோ வருவாரு, இதோ வாயத் தொறப்பாருன்னு நெனச்சிக்கினே நின்னேன். அந்தப் பெரியவரு யாரு எவருன்னுகூடத் தெரியாது, அவரு வந்தாரு."

"அவர் என் அப்பா."

காசிநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட வாசுதேவால் தாங்கியிருக்க முடியும்.

"வண்டிக்கு இனிமே வரமாட்டேன் சார். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

வாசுதேவ் வேறு ஆளைப் பார்க்கவில்லை. செவிலிமேட்டு மனைக்குப் போய், சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, தனசேகரன் லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்த லோடருக்கு அடியில் படுத்தான். தகட்டைக் கழற்றியதும் எண்ணெயில் ஊறிய சேறு கட்டிகட்டியாக மார்பில் விழுந்தது. இடது பக்கச் சக்கரங்களை ஓட்டும் மோட்டாரிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. வெடித்த குழாயில் துணியைச் சுற்றி, அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சக்கரங்களைச் சுற்றும் சங்கிலி இருக்கும் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டால் இரும்புத் தூள் மினுங்கியது. யார்டில் ஐந்து நிமிஷம் குனிந்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். பஞ்சாட்சரம் ஏமாற்றினார் என்று யாரிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவர் மறைத்தது உண்மை. ஆனால் அவர் மறைத்ததைவிடத் தான் மறைத்தது அதிகம் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் தானே மாற்றினான். பிறகு தானே ஓட்டினான். சன்னதித் தெரு வேலை வந்தபோது மறுக்கவில்லை. முதல் நாள் அந்தத் தெருவில் லோடரில் உட்கார்ந்திருந்தபோது முகம் தீயாக எரிந்தது. ஆனால் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. "வாசுவா? எங்காத்துக் கொல்லையிலயும் கொஞ்சம் கல்லு கிடக்கு, அள்ளித் தரியா?" என்று ஒரு மாமி கேட்டாள். அவ்வளவுதான். அப்பாவும் யார் கேட்டாலும், "பிள்ளை லோடர் ஓட்டறான்" என்று சாதாரணமாகச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பயந்தா ஒருவனை அடிவாங்க விட்டோம் என்று நினைக்கும்போதுதான் வாசுதேவுக்கு உடம்பு கூசியது.

இரண்டு மூன்று வருஷத்தில் பழைய லோடர் வாங்குகிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். முதல் நாளே போன் செய்து, தான் வரும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவான். போனதும் யாரோடும் பேசாமல் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விடுவான். மல்லிநாதனுக்குக்கூட ஒன்று பார்த்து வாங்கிக்கொடுத்தான்.

ஒருநாள் தனசேகரன் பேச்சுவாக்கில், "நம்ம காசி சொந்தமா ஒரு பழைய லோடர் எடுத்துட்டாம்பா, தெரியுமா?" என்றார்.

"அப்படியா? யார் பாத்துக் குடுத்தா?"

"மெட்ராஸ்லேர்ந்து யாரோ மெக்கானிக்க அழைச்சிக்கினு வந்தானாம். பக்கத்துலயே நீ இருக்கிற, எதுக்குப்பா அவ்வளவு தூரம்னு கேட்டேன். சிரிச்சிக்கினே போயிட்டான்."

வாசுதேவ் தலையை ஆட்டினான். "அடித்தகட்டைக் கழட்டிப் பாத்தாங்களாமா?" என்று கேட்க நினைத்தான். கேட்க முடியவில்லை. தனசேகரன் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.