திருடனுக்கு மட்டும் நிறம்

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படித்தபோது, பள்ளியின் கணினி மன்றத்தில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்காக ஒரு விளையாட்டு செய்தோம். படமே கிடையாது. கதை திரையில் எழுத்தாக வரும். அடுத்து எங்கே போவது என்பதை விளையாடுகிறவர் தட்டச்சு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் கதையை நான் எழுதினேன். கணினியில் ஏற்றியவள் என் சீனத் தோழி.

கதையில் "நீ" சிராங்கூன் சாலையில் காணாமல்போன தங்கையைத் தேடுகிறாய். நகைக்கடைக் கண்ணாடியில் பார்த்தால், "உன் கறுத்த முகம் வியர்த்திருக்கிறது" என்று வரும். நான் நூலகத்தில் எடுத்துப் படித்த இந்த மாதிரிக் கதைகளிலெல்லாம் "நீ" பயந்தால் முகம் வெளுக்கும், வெட்கப்பட்டால் சிவக்கும். என் முகம் எதற்கும் அப்படி ஆனதில்லை.

மன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியரும் தமிழர்தான். என்னைவிடக் கறுப்பு.

"இந்த வரிய எடுத்துடும்மா," என்றார்.

"ஏன் சார்?"

"விளையாடுறவங்க யாரா வேணும்னாலும் இருக்கலாம்ல? நிறம் எதுக்கு? சும்மா பிராப்ளம் லா."

நியாயமாகத்தான் பட்டது. நானே எடுத்துவிட்டேன்.

பெற்றோர் வரும் நாளன்று, செம்பவாங் கப்பல் பட்டறையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்பா வந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, "நேரா போ", "அந்தச் சந்துல பாரு" என்று உற்சாகமாகிவிட்டார். சந்துக்குள் போனதும் நான் எழுதாத வரி ஒன்று வந்தது: "கரி போலக் கறுத்த ஒருவன், சாராய நெடியோடு, கத்தியுடன் நிற்கிறான்." வெறும் திருடன் என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"திருடன் நிக்கிறான்ப்பா."

அப்பா சிரித்தார். "சரி, நம்மாளு யாராச்சும் இருக்காங்களா இதுல?"

"இல்லப்பா."

அவர் போனபின் தோழியிடம் கேட்டேன். பயமாக இருக்கட்டும் என்று சேர்த்தாளாம். ஆசிரியர் படித்துவிட்டுச் சரி என்றாராம். அவரிடமே போனேன்.

"அது வெறும் கதைதானேம்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மன்றத்தை விட்டுவிட்டேன், என்னால் அவ்வளவுதான் முடிந்தது. நான் பள்ளியை முடிக்கும்வரை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்த விளையாட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டினார்கள். கதை எழுதியவர் என்று முதல் திரையிலேயே என் பெயர் இருந்தது.