வெளியூரில் வளர்ந்த செல்கள்

நாகமலை புதுக்கோட்டை மைதானத்தில் மாணவிகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தபோது, சட்டென்று திரும்பிய வேகத்தில் என் வலது முட்டிக்குள் ஏதோ பிய்ந்தது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

குருத்தெலும்பில் பள்ளம் விழுந்திருப்பதாகத் தல்லாகுளத்து டாக்டர் சொன்னார். முட்டியில் பாரம் விழாத ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே செல்களைப் பெருக்கித் தந்தால், அவற்றைப் பள்ளத்தில் வைத்து அடைக்கலாம்.

காத்திருந்த வாரங்களில் கோச்சடை வீட்டு மாடிப்படியில் பாதி இறங்கும்போதே முட்டி பூட்டிக்கொள்ளும். மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அது விடும்வரை நிற்பேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரே போன் செய்தார்.

"வளர்த்ததுல கிருமி சேர்ந்திருச்சும்மா. உங்களுக்கு வைக்க முடியாது. அழிச்சிட்டாங்க."

நான் பார்த்தே இராத ஊரில் என் உடம்பின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்தது.

"விட்ரு. நடக்க முடியுற வரைக்கும் நட, அம்புட்டுத்தான்" என்றார் என் கணவர்.

"நடக்கவே பயமா இருக்குங்க. இன்னொரு தடவ எடுக்கச் சொல்லப் போறேன்."

மறுநாள் காலையில் அவரே ஆட்டோ கூட்டிவந்தார்.

இரண்டாம் முறை செல்கள் வளர்ந்தன. வைக்கும் நாளன்று விடாத மழை. செல்கள் வந்த விமானம் இறங்க முடியாமல் சுற்றுவதாகச் சொன்னார்கள். வெளியே எடுத்தபின் அவற்றுக்கு ஆயுள் குறைவு. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடாமல் என்னை மேசையில் காக்க வைத்திருந்தார்கள். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. நர்ஸ் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. டாக்டர் அதிலிருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லாருக்கா டாக்டர்?"

"இருக்கு. ஆரம்பிக்கலாம்."

பதில் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். முட்டி பூட்டிக்கொள்வதில்லை. மைதானத்தில் கோட்டுக்கு வெளியே விசிலோடு நிற்கிறேன். போன வாரம் எடுத்த ஸ்கேனில் பள்ளம் நிரம்பியிருந்தது. ஓர் ஓரம் மட்டும் எலும்போடு ஒட்டாமல் எழும்பியிருந்தது.

"குதிச்சிராதீங்கம்மா. அடுத்த ஸ்கேன்ல பாப்போம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஓரம் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் காட்டவில்லை.