கோட்டோரம் ஓடியவன்

வீட்டில் அவனை வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா வைத்த பெயர். நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவன் நேராக நடந்ததே இல்லை, ஒரு பக்கமாகத் தாவித் தாவித்தான் போவான் என்பாள். பிற்பாடு அந்தத் தாவல்தான் அவனுக்குச் சோறு போட்டது. மைதானத்தின் இடது ஓரக்கோட்டை ஒட்டி அவன் பந்தோடு ஓடி வந்தால், தடுக்க வருகிறவன் ஒரு பக்கம் சாய்வான். இவன் மறு பக்கமாகப் போய்ச் சேர்ந்திருப்பான்.

பத்தொன்பது வயதில் கடல் தாண்டி ஒரு கால்பந்து கிளப் அவனை ஒப்பந்தம் செய்தது. அப்பா பேருந்து ஓட்டுநர். அன்றைக்கு வண்டியில் ஏறினவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்லியே தீர்த்தார். கேட்ட சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்களும் உண்டாம்.

அவனைத் தேடிப் பிடித்தவர் அந்தக் கிளப்பின் கோச். ஆனால் வெட்டுக்கிளி போய் இறங்கி, குளிருக்கு ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கி, அறையின் ஹீட்டரை எந்தப் பக்கம் திருகுவது என்று கற்றுக்கொள்வதற்குள் அணி வரிசையாகத் தோற்றது. கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் அவர் காரின் கண்ணாடியை இறக்கி, இவன் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். இவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

புதிதாக வந்தவர் கோல் வாங்காமல் இருந்தாலே போதும் என்று நினைக்கிறவர். பின்னால் ஐந்து பேரை நிறுத்தி வாசலை அடைத்துவிடுவார். ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அவருடைய ஆட்டத்தில் வேலையே கிடையாது.

முதல் சந்திப்பில் அவர் நெடுநேரம் பேசினார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கிற பிசியோ. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அம்மாவிடம் கேட்டுப் பழகிய தமிழ்.

"பொறுமையா இருக்கச் சொல்றாரு தம்பி. உனக்கு நேரம் வரும்ங்கறாரு."

"அவ்வளவு பேசினாரே அண்ணே, இதுதானா?"

"இவங்க பாஷையே அப்படித்தான். சும்மா இழுத்துக்கிட்டே போகும்."

வெட்டுக்கிளி நம்பினான். வீட்டுக்குப் போன் செய்து அதையே அக்காவிடம் ஒப்பித்தான்.

அப்புறம் ஆட்டத்துக்கு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தான். இடைவேளை முடிந்ததும் எழுந்து, ஆரஞ்சுப் பனியனைப் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடேற்ற ஓடுவான். முழங்காலைத் தூக்குவான், திரும்புவான், மறுபடி ஓடுவான். அந்தப் பக்கத்து வரிசைகளில் உட்காருகிறவர்களுக்கு அவன் முகம் நன்றாகப் பழகிவிட்டது. கால் மட்டும் எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலிக்கும். சொட்டு வியர்வை சிந்தாத சட்டையைக் கழற்றித் துவைக்கிற கூடையில் போடும்போது அவனுக்கே கூச்சமாக இருக்கும்.

ஒப்பந்தம் போடும்வரை பொழுது விடிந்தால் போன் செய்த ஏஜெண்டோ, இப்போது எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருந்தார்.

ஒன்று மட்டும் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் கிளப் அவனை மொழி வகுப்புக்கு அனுப்பியது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவன் அதை விழுந்து விழுந்து படித்தான். கடைக்காரியிடம் பேசினான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் சண்டை போட்டால் காதைத் தீட்டிக்கொண்டான்.

மழை தூறிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே இடது பக்கம் ஆடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கோச் பெஞ்சைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆடக்கூடியவன் இவன் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் விரலை நீட்டினார்.

உள்ளே போன வேகத்தில் பந்து காலுக்கு வந்தது. எதிரில் வந்தவன் சாய்ந்தான். வெட்டுக்கிளி கோட்டோரமாகக் கிழித்துக்கொண்டு போய், கடைசியில் நிமிர்ந்து பார்த்து, பந்தை உள்ளே வளைத்துவிட்டான். அவன் அணிக்காரன் ஒருவன் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தப் பக்கத்து வரிசைகள் மொத்தமாக எழுந்து நின்றன.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், இவன் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிவப்பு அட்டை வாங்கினான். ஓர் ஆள் குறைந்தது. பின்னால் அடைக்க இன்னொரு தடுப்பாட்டக்காரன் வேண்டும். யாரையாவது வெளியே எடுக்க வேண்டும்.

பலகையில் வெட்டுக்கிளியின் எண் எரிந்தது. நம்ப முடியாமல் தன் முதுகைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டான். தவறு செய்தவன் வேறு எவனோ. இவன் அடித்தது ஒரு நல்ல பந்து, அவ்வளவுதான். மெல்ல நடந்து வெளியே வந்தான்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் கோச் உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் காதில் விழும்படிதான் பேசினார். புரியாது என்ற தைரியம். வார்த்தை வார்த்தையாக அது அவனுக்குள் இறங்கியது. 'இந்தப் பையனை நான் கேட்கவில்லை. வந்த அன்றே அவனிடம் சொல்லியும் ஆயிற்று. எங்கேயாவது இடம் பாருங்கள்.'

பிசியோ அவன் தோளில் கை வைத்தார். "நீ நல்லா ஆடினேன்னு சொல்றாரு தம்பி."

வெட்டுக்கிளி ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ அவிழ்ந்திருந்தது.

மறுநாள் காலை சிகிச்சை அறையில், கட்டிலில் குப்புறப் படுத்தபடி கேட்டான். "முதல் நாளே இதைத்தான் சொன்னாராண்ணே?"

தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? சின்னப் பையன், வந்து இறங்கின சூடு ஆறல. 'நீ எனக்கு வேண்டாம்'னு என் வாயால எப்படிச் சொல்றது? ரெண்டு வாரத்துல அவரு மனசு மாறும்னு நெனச்சேன். மாறல. அப்புறம் எப்ப சொல்றதுன்னு தெரியாமப் போச்சு."

கோபப்பட வேண்டும் போலத்தான் இருந்தது அவனுக்கு. ஆனால் வாரா வாரம் வீட்டுக்குப் போன் செய்து, அடுத்த ஆட்டத்தில் இறக்குவார்கள் என்று சொல்லி, அவனும் அதையேதானே செய்துகொண்டிருந்தான்! "அந்தக் காலையும் கொஞ்சம் பிடிச்சு விடுங்கண்ணே" என்றான்.

அன்று மதியம் துணைக்கு ஆள் இல்லாமல் கோச்சின் அறைக்குப் போனான். கற்றுக்கொண்ட மொழியில், தப்பும் தவறுமாக, "நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது" என்றான். கோச் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். எழுந்து கதவைச் சாத்தினார். உன் மேல் ஒரு குறையும் இல்லை, வேறு ஒருவர் அணியில் நீ ராஜாவாக இருப்பாய், நான் தோற்றால் என் வேலை போய்விடும் என்று நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எதிர்த்துப் பேச அவர் ஒரு பிடியும் தரவில்லை.

குளிர் விடுவதற்குள் அவனை இரவலாகக் கீழ்ப் பிரிவில் ஒரு சிறிய கிளப்புக்கு அனுப்பினார்கள். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயும் வேறு ஒருவன் இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தான். சேர்ந்த அன்று அக்காவைக் கூப்பிட்டான்.

"அங்கயாவது இறக்குவாங்களாடா?"

"தெரியலக்கா." முதல் முறையாக அப்படிச் சொன்னான். "இங்கயும் பெஞ்சுதான் போல. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. வாரா வாரம் வண்டிய விட்டுட்டு வந்து போன்ல மேட்ச் பாக்குறாரே."

அக்கா பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது.

"டேய்," என்றார் அப்பா. "பெஞ்சைக் கேமராவுல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ காட்டுறான். நான் அதுக்குத்தான் பாக்குறேன். போன வாரம் நீ ஜாக்கெட் ஜிப்பைப் போடாம உக்காந்திருந்த. அதை மேல வரைக்கும் போடு."